கறளுக்கு முன்னால் வரும் ஈரம்

மகள் தன் வீட்டுப் பல்கனிக் கம்பிக்கு அடிக்கவென்று இரண்டு டின் எப்பொக்சி வாங்கி வைத்திருந்தாள். பெரிய டின்னில் பெயின்ற், சின்ன டின்னில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர். சின்னதின் மூடியை நான் நெம்பியதும் அந்த மணம் எழும்பிவிட்டது. மீன் வெடுக்கும் அமோனியா நெடியும் சேர்ந்த மணம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் திறக்க ஓடினாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். என் இளமையில் பெரும்பகுதி அந்த மணத்துக்குள்தான் கழிந்தது.

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்குக்கு வந்த எங்களில் பலர் யூலண்ட் பக்கத்துச் சிறு நகரங்களில்தான் வந்து சேர்ந்தோம். ஹேர்னிங், பிறண்டா என்று ஊர்ப்பெயர்கள் வாயில் நுழையவே நாளாயிற்று. முகாம், மொழி வகுப்பு, பிறகு வேலை. ஒருவர் ஓரிடத்தில் நுழைந்துவிட்டால் அவரைப் பிடித்து அடுத்தவர் போவார். என்னைக் கூட்டிப் போனவர் ஒரு பருத்தித்துறை அண்ணை. “பெயின்ற் அடிக்கிற வேலைதான் தம்பி. பாஷை பெரிசாத் தேவையில்லை. மூக்குத்தான் தாங்கோணும்” என்றார். மூக்கைப் பற்றி எனக்குப் பயமில்லை. நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன். அந்த மண்டபத்துக்குள் முதன்முதல் கால் வைத்தபோது ஊர்க் கடற்கரைதான் நினைவில் வந்தது.

மண்டபம் என்றால் சின்னதல்ல. ஒரு பக்கம் இரும்பு மணி வீசி எஃகைச் சுரண்டும் அறை, மறுபக்கம் பெயின்ற் அடிக்கும் அறை. பாலத்துக்கான தட்டுகள் வரும், பாரந்தூக்கியின் கைகள் வரும், எண்ணெய்த் தாங்கிகள் வரும். காற்றாலைக் கோபுரங்கள் துண்டு துண்டாக உருளைகள் மேல் வந்து கிடக்கும். நின்றுகொண்டே உள்ளே நடந்து போகலாம், அவ்வளவு அகலம்.

எங்கள் மெஸ்டர், அதாவது மேற்பார்வைக்காரர், வடகடல் ஓரத்து மனிதர். காலையில் வந்ததும் அவர் பெயின்ற் டின் பக்கம் போகமாட்டார். மரப்பிடி வைத்த ஒரு சட்டத்தை எடுத்து மண்டபத்தின் நடுவில் நின்று சுழற்றுவார். அதில் இரண்டு தேர்மாமீற்றர்கள் இருக்கும், ஒன்றின் முனையில் நனைத்த துணி. சுழற்றி முடித்து இரண்டு அளவையும் வாசித்து, எண்ணெய்க் கறை பிடித்த ஓர் அட்டவணையில் விரலை ஓட்டி, பனி இறங்கும் வெப்பநிலையைக் கண்டுபிடிப்பார். பிறகு காந்தம் வைத்த தேர்மாமீற்றரை எஃகில் ஒட்டுவார். எஃகு அந்தப் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டில் ஒன்று பிழைத்தாலும் பெயின்ற் விசிறும் துப்பாக்கியைக் கையில் எடுக்க விடமாட்டார்.

எனக்கு அது முதலில் விளங்கவில்லை. ஒரு தை மாதம் வெளி முற்றத்தில் கிடந்த கோபுரத் துண்டை உள்ளே உருட்டி வந்தோம். எஃகு 2 பாகையில் இருந்திருக்கும். மண்டபம் 18 பாகை, ஈரப்பதம் 60 சதவீதம். அந்தக் காற்றுக்குப் பனிநிலை ஏறக்குறைய 10 பாகை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே எஃகு முழுக்க வியர்த்தது. மெஸ்டர் என் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தார். உள்ளங்கை நனைந்தது. “இதன் மேலா அடிக்கப் போகிறாய்?” என்றார். மறுநாள் காலைவரை அந்தத் துண்டைத் தொடவில்லை. லொறிக்காரன் வாசலில் நின்று சத்தம் போட்டான், அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அந்த மண்டபத்தில்தான் எங்கள் வீட்டுக் கேற்றின் கதை எனக்கு விளங்கியது. வல்வெட்டித்துறையில் எங்கள் வேலிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரோட்டும் இரண்டு வளவும்தான். அம்மன் கோவில் இந்திரவிழாவுக்கு முன்னர் அப்பா கேற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிவத்தப் பிறைமர் பூசி, மேலே பச்சை எனாமல் அடிப்பார். சித்திரைப் பறுவத்துக்குக் கேற் பளபளவென்று நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மாரி முடியும்போது பச்சைக்குள் சின்னச் சின்னக் கொப்புளங்கள். நகத்தால் உடைத்தால் ஒரு துளி தண்ணீர் வரும், அதற்கடியில் கறள். “கடைக்காரன் கள்ளப் பெயின்ற் தந்திட்டான்” என்று அப்பா அடுத்த வருடம் கடையை மாற்றுவார். கொப்புளம் மட்டும் மாறாது.

கடை மாற்றிப் பயனில்லை. கடற்காற்று கொண்டு வந்த உப்பு, தேய்த்த இரும்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துதான் இருக்கும். அதன்மேல் பெயின்ற் அடித்தால் உப்பு உள்ளே அகப்பட்டுவிடும். பெயின்ற் படலமோ தண்ணீரை அறவே மறிக்கும் சுவர் அல்ல. மழைத் தண்ணீர் மூலக்கூறு மூலக்கூறாக அதற்குள் நுழையும். உள்ளே உப்பு இருந்தால் இன்னும் வேகமாக இழுக்கப்படும். உப்புத் தூவிய மாங்காய்த் துண்டு காலையில் தண்ணீர் விட்டு நிற்பதில்லையா, அதே இழுப்புத்தான். இழுக்கப்பட்ட தண்ணீருக்கு இடம் வேண்டும், அது பெயின்றை மேலே தள்ளிக் கொப்புளமாக்கும். அப்பா ஒவ்வொரு வருடமும் நல்ல பெயின்றைத்தான் வாங்கினார் என்று நான் இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பின்னாளில் நோர்வேக்காரர்களின் ஃப்ரோசியோ பரிசோதகர் பயிற்சிக்குப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. கேம்பிரிட்ஜில் மெயின் என்ற விஞ்ஞானி 1950களை ஒட்டி இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு பெயின்ற் படலத்தைத் தாண்டிச் செல்லும் தண்ணீரும் ஒட்சிசனும், வெற்று இரும்பு கறள் பிடிக்கச் செலவழிக்கும் அளவுக்குக் குறைந்தவை அல்ல என்று அவர் காட்டினார். அப்படியென்றால் பெயின்ற் எதைக் காக்கிறது? உப்பின் மின்னேற்ற அணுக்கள் எளிதில் ஓடாதபடி அது தடுக்கிறது. அதனால் கறளுக்குத் தேவையான மின்னோட்டம் நடக்க முடியாமல் போகிறது. அத்தோடு எஃகை இறுகப் பற்றிக்கொண்டு, தண்ணீர் தேங்க ஓர் இடுக்கும் விடாமல் இருக்கிறது. தண்ணீர் வரும், போகும். பிடி இருக்கும்வரை கறளுக்கு இடமில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை காலமும் தண்ணீரை வெளியே நிறுத்தும் வேலை செய்கிறோம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

எப்பொக்சிகூடத் தன் எடையில் ஓரிரு சதவீதம், சிலது அதற்கும் மேல், தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியதும் இறுக்கம் தளரும். கண்ணாடிபோல் விறைத்து நிற்கும் பிசின் இளகத் தொடங்கும் வெப்பநிலை கீழே இறங்கும். எஃகோடு உள்ள பிடியும் மெலியும். பிறகு காய்ந்தால் அந்தப் பிடியில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். ஏமாற்றுவது அதுதான்.

மெஸ்டருக்கு இது அனுபவத்தால் தெரியும். புதுப் பெயின்ற் ஒன்று வந்தால் ஒரு தட்டில் அடித்து, இறுக விட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளிக்குள் நாட்கணக்கில் போட்டு வைப்பார். ஒருநாள் காலையில் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். துடைக்கத் துணியைத் தேடினேன். “துடைக்காதே, காயவும் விடாதே, இப்பவே கீறு” என்றார். மடக்குக் கத்தியால் எக்ஸ் வடிவில் கீறி, முனையைக் கோணத்துக்குள் விட்டு நெம்பச் சொன்னார். பெயின்ற் நாடாவாக உரிந்து வந்தது. அடியில் எஃகு துப்புரவாக மினுங்கியது, ஒரு பொட்டுக் கறள் இல்லை. அதே தட்டின் மற்ற மூலையை அவர் ஒரு நாள் காயவிட்டு மறுபடி கீறக் கொடுத்தார். கத்தி வழுக்கியது, உரிக்கவே முடியவில்லை. விற்க வந்தவர்கள் காட்டுவது இந்த இரண்டாவது மூலையைத்தான் என்றார். கறள் கடைசியில் வருவது, அதற்கு வெகுநாள் முன்னரே பிடி விட்டுப் போயிருக்கும் என்பதை அந்த ஒரு தட்டில் கண்டேன்.

கழுவுவதுதான் எங்கள் வேலையில் பெரிய வேலை என்று அன்றிலிருந்து நம்புகிறேன். பெயின்ற் அடிப்பது எல்லோர் கண்ணுக்கும் படும், கணக்குப் புத்தகத்திலும் ஏறும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவியதை யாரும் பார்ப்பதில்லை. கொம்பனிக்குக் கொம்பனி முதலில் வெட்டப்படும் மணித்தியாலம் அதுதான். பரிசோதகராகப் போன இடங்களில் நான் அதற்காக நிறையச் சண்டை பிடித்திருக்கிறேன்.

உப்பை அளக்க ஒரு சின்னக் கருவி உண்டு, சுவீடன்காரர் பிரெஸ்லெ பெயரில். நடுவில் குழி உள்ள ஓர் ஒட்டுத்துண்டை எஃகில் ஒட்டி, ஊசியால் வடித்த தண்ணீரை உள்ளே செலுத்தி, சற்று அலசி, திரும்ப உறிஞ்சி எடுத்து, அந்தத் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். கப்பல்களின் நிலைநீர்த் தாங்கிகளுக்கு ஒரு சதுர மீற்றருக்கு 50 மில்லிகிராம் உப்புத்தான் எல்லை. நோர்வேயின் கடல்மேடை விதியில் 20 மில்லிகிராம். விரல் நுனியில் ஒட்டும் உப்பு அது. அதற்குமேல் இருந்தால் திரும்பக் கழுவு, திரும்ப மணி வீசு.

ஈரத்தை எதிரி என்று மட்டும் எண்ணிவிடவும் முடியாது. சிங்க் சிலிக்கேற் என்றொரு அடிப்பூச்சு இருக்கிறது. அதற்கு இறுகுவதற்கே காற்றின் ஈரம் வேண்டும். டென்மார்க்கில் மாரிகாலத்தில் வெளியே ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஆனால் 0 பாகையில் இருக்கும் அந்தக் காற்றை உள்ளே எடுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 24 சதவீதத்துக்கு விழுந்துவிடும். அந்த நாட்களில் மெஸ்டர் குழாயைப் பிடித்து மண்டபத் தரை முழுக்கத் தண்ணீர் அடிக்கச் சொல்வார். முந்தின நாள் முழுக்க ஈரத்துக்காக ஏச்சு வாங்கிய புதுப் பொடியன்களுக்குத் தலை சுற்றும். எப்பொக்சியோ நேரெதிர். குளிரிலும் ஈரத்திலும் அடித்தால் ஹார்ட்னர் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல் ஒரு பிசுபிசுப்பைக் கிளப்பிவிடும். அதை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவாமல் அடுத்த பூச்சை ஏற்றினால் இரண்டும் ஒட்டாது.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்த டெனிஷ் பெயின்றர்களில் சிலர் பெயர்களை மறந்துபோவார்கள், சும்மா இருக்கக் கோபப்படுவார்கள். கரைப்பான் ஆவியால் மூளைக்கு வரும் பாதிப்பை இந்த ஸ்கண்டிநேவிய நாடுகள்தான் முதலில் பெயின்றர் நோய் என்று கவனத்துக்குக் கொண்டுவந்தன. பிறகு டின்களில் மால் எண் அச்சிடப்பட்டது. அந்த எண்ணைப் பார்த்து எந்த முகமூடி, எந்தக் கையுறை என்று தெரிந்துகொள்ளலாம். எப்பொக்சியைத் தொடுவதற்கே தனிப் பயிற்சி கட்டாயமாயிற்று. பருத்தித்துறை அண்ணை வெறுங்கையால் கலக்கியவர். அவருடைய மணிக்கட்டில் வந்த சொறி கடைசிவரை மாறவேயில்லை. இன்றைக்கு என் மகள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் டின்னைத் திறக்கமாட்டாள். அந்த ஒன்றில் காலம் நல்ல பக்கம் மாறியிருக்கிறது.

டென்மார்க்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு பாலம். யூலண்டையும் ஃபுன் தீவையும் இணைக்கும் சின்ன பெல்ற் நீரிணையில் இரண்டு பாலங்கள் உண்டு. 1935இல் திறந்த பழையது சட்டம் சட்டமாகப் பின்னிய இரும்பு. ரயில் அதில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு மூலையும் ஈரம் தங்கும் இடம், ஒவ்வொன்றையும் சுரண்டிப் பூச வேண்டும். 1970இல் திறந்த புதியது தொங்கு பாலம், நடு இடைவெளி 600 மீற்றர். அதன் தளம் மூடிய எஃகுப் பெட்டி. பெட்டியின் உட்புறத்துக்குப் பெயின்றை நம்பவில்லை, அதற்குப் பதிலாகக் காற்றை உலர்த்தினார்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் எஃகு கறள் பிடிப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பாதுகாப்புக்கு இன்னும் கீழே, 40 சதவீதத்தில் வைப்பார்கள். உலகில் இந்த வழியை ஒரு பாலத்தில் முதன்முதல் கையாண்டது அங்கேதான். பிறகு 1998இல் திறந்த பெரிய பெல்ற் பாலத்திலும், 1624 மீற்றர் இடைவெளி கொண்ட அந்தப் பெரும் பாலத்திலும், அதையே செய்தார்கள். உட்புறத்தில் வலுவூட்டும் தட்டுகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே பூச வேண்டிய பரப்பு வெளிப்புறத்தைவிட மிகக் கூட. அத்தனைக்கும் பெயின்ற் அடிக்காமல் உலர்த்தும் பொறிகள் சில ஓடுகின்றன.

அப்படியொரு பெட்டிக்குள் ஒருமுறை போக வாய்த்தது. வெளியே கார்த்திகை மாதத்துத் தூறல், கோட்டெல்லாம் நனைந்திருந்தது. சிறிய கதவைக் குனிந்து தாண்டியதும் உதடு உலர்ந்தது. தலைக்கு மேலே லொறிகள் போகும் முழக்கம். பக்கத்துத் தட்டில் வெல்டிங் கோடு போட்ட நாள் இருந்த நீலச் சாயலோடு அப்படியே தெரிந்தது. யாரோ ஒரு தொழிலாளி சோக்கால் எழுதிய எண்கள் அழியாமல் இருந்தன. வாழ்நாள் முழுக்கப் பெயின்ற் அடித்த எனக்கு, பெயின்றே இல்லாமல் அவ்வளவு நன்றாக இருக்கும் எஃகைப் பார்க்கப் பொறாமை வரவில்லை, மகிழ்ச்சிதான் வந்தது. நாங்கள் மண்டபத்தில் தேர்மாமீற்றர் சுழற்றித் தேடியதை இவர்கள் ஆண்டு முழுக்க உள்ளே அடைத்து வைத்திருக்கிறார்கள்.

கடலில் அப்படி அடைத்து வைக்க முடியாது. 1991இல் லொலண்ட் தீவுக் கரையோரம் விண்டபியில் 11 காற்றாலைகளைக் கடலுக்குள் நட்டார்கள், உலகில் அதுதான் முதல் கடல் காற்றாலைப் பண்ணை. 2017இல் அதைக் கழற்றிவிட்டார்கள். 2002இல் எஸ்பியர்க்குக்கு மேற்கே ஹோன்ஸ் ரெவ்வில் 80. பிறண்டாவில் போனஸ் என்ற பெயரில் இருந்த காற்றாலைக் கொம்பனியை 2004இல் சீமென்ஸ் வாங்கியது. அதே பிறண்டாவில் எங்கள் அபிராமி அம்பாள் கோவிலும் இருப்பதால், திருவிழாவுக்குப் போகும் வழியில் பெரிய இறக்கைகளை ஏற்றிய லொறிகளுக்கு ஒதுங்கி நிற்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது. எஸ்பியர்க் துறைமுகத்தில் மஞ்சள் நிற அடிக்கால்கள் வரிசையாக நிற்கும். அலை அடித்து அடித்துக் காயும் அந்த மஞ்சள் பகுதிதான் எல்லாவற்றிலும் மோசமான இடம். நனைவது, காய்வது, திரும்ப நனைவது, கூடவே உப்பும் ஒட்சிசனும் தாராளம். கரையில் ஒரு மணித்தியாலத்தில் முடியும் திருத்த வேலைக்குக் கடலில் படகும் நல்ல வானிலையும் கயிற்றில் தொங்கும் ஆட்களும் வேண்டும். கயிற்றில் தொங்கிக்கொண்டு உப்பில்லாத எஃகை ஒருவர் எப்படித் தேடுவது? ஆகவே கரையில் கழுவும் ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிப்பவர்களை நான் இன்றும் மன்னிக்கமாட்டேன்.

இப்போது இதையெல்லாம் படித்து அளக்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். 1915இல் கொப்பன்ஹேகனில் கப்பல் பெயின்றுக்கென்று தொடங்கிய ஹெம்பல் கொம்பனியின் அறக்கட்டளை, டெனிஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பூச்சு ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் அமைக்கப் பணம் கொடுத்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் 1967இல் சார்ள்ஸ் ஹான்சன், எந்தப் பிசின் எந்தத் திரவத்தோடு கலக்கும், திரவம் படலத்துக்குள் எப்படி நகரும் என்று தன் ஆய்வேட்டை எழுதினார். அவர் பெயரிலான அளவுகளை இன்றும் பெயின்ற் செய்பவர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். மகளோடு படித்த ஒரு பிள்ளை ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, பூச்சுக்குள் தண்ணீர் போவதை மின்சாரத்தால் அளக்கும் முறையைச் சொன்னாள். படலத்தின் குறுக்கே மிகச் சிறிய மாறுமின்னழுத்தம் கொடுப்பார்களாம். பிசினின் மின்காப்பு மாறிலி நாலைந்துதான், தண்ணீருக்கோ 80ஐ ஒட்டியது. ஆகவே கொஞ்சம் தண்ணீர் நுழைந்தாலும் மின்னைத் தேக்கி வைக்கும் திறன் கூடிக் காட்டிவிடும். கண்ணுக்குக் கொப்புளம் தெரிவதற்கு வெகு முன்னரே. நான் மெஸ்டரின் வாளியையும் மடக்குக் கத்தியையும் பற்றிச் சொன்னேன். அவள் புட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

போன கிழமை ஊரிலிருந்து தம்பியின் மகன் அழைத்தான். இடிந்து கிடந்த வீட்டை எழுப்பி முடித்துவிட்டார்கள், புதுக் கேற் போடுகிறார்கள்.

“பெரியப்பா, எந்தப் பெயின்ற் நல்லது? விலையைப் பாக்காமச் சொல்லுங்கோ.”

“பெயின்றை விடு. கேற்றைக் கழுவ எந்தத் தண்ணி எடுக்கப் போறாய்?”

“எங்கட கிணத்துத் தண்ணிதான்.”

“அது உவர்த் தண்ணி மோனே.”

அவன் சிரித்தான், கேற் என்ன குடிக்கவா போகிறது என்று. எங்கள் கரையோரக் கிணறுகளில் சுண்ணக்கல்லுக்குள் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது, கீழே கடல்நீர். கூடுதலாக இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பைக் கழுவ உப்பைப் பூசுவதாகும். விளக்கிச் சொன்னேன். உடுப்பிட்டிப் பக்கம் மாமி வீட்டில் நல்ல தண்ணிக் கிணறு இருக்கிறது, கான்களில் எடுத்து வரலாம் என்றான். கேற்றைக் கழற்றி மாமி வீட்டுக்கே கொண்டுபோ என்றேன். அங்கே வைத்துத் தேய்த்துக் கழுவி, வெயிலேறி இரும்பு சூடானதும் அன்றைக்கே பிறைமரை அடித்து, அது இறுகிய பிறகு கடற்கரைப் பக்கம் கொண்டு வரச் சொன்னேன். இரவு தாண்ட விடாதே, பனி இறங்கிவிடும் என்பதை இரண்டு தரம் சொன்னேன். லொறி வாடகைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினான். வாடகையை நான் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.